வாட் ஏற்றினால் பாட்டு தெளியாது

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையிலிருந்து பெரியபாளையம் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டவும் பொங்கல் வைக்கவும் முடி இறக்கவும் சென்னையிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் வரும் வேன், கார், குட்டியானை எல்லாவற்றிலும் பாட்டு ஓடுகிறது. சாலையோரம் நிற்பவர் காதில் விழுவதோ பெரும்பாலும் தும்தும் என்கிற அதிர்வு மட்டுமே. தகடும் கண்ணாடியும் மேல் சுரங்களைத் தடுத்துவிட்டு, கீழ் அதிர்வை மட்டும் வெளியே விடுகின்றன என்பது அதற்கு ஒரு காரணம். வண்டிக்குள்ளேயும் நிலைமை பெரிதாக வேறில்லை என்பது இன்னொரு காரணம். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது செட் மாட்டிய காரில்கூடப் பாடகரின் சொல் மங்கி, ஊஃபரின் குத்து ஓங்கி நிற்கிறது. ஸ்பீக்கரை மாற்ற நினைப்பதில் தவறு ஏதும் இல்லை. கடைசியில் போட வேண்டிய பணத்தை முதலில் போடுவதுதான் தவறு. வண்டிக்குள் நுழையும் இரைச்சலைக் குறைப்பதற்கும் கதவைச் சரிசெய்வதற்கும் முதல் செலவு. முன்பக்க ஸ்பீக்கருக்கு அடுத்த செலவு. வாட்டும் ஊஃபரும் அதற்கெல்லாம் பிறகு. இந்த வரிசை எங்கும் பொருந்தும். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் தொழிற்பேட்டைச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஆசை நியாயமானது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் கார் தயாரிப்புக்குப் புதிய ஊரல்ல. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998இல் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது இங்கேதான். அதே ஆலையிலிருந்து இன்று சிட்ரோயன் கார்கள் வருகின்றன. எந்த நிறுவனமானாலும் விலை குறைந்த மாடலில் ஒவ்வொரு ரூபாயையும் ஒவ்வொரு கிராமையும் எண்ணித்தான் வண்டியைக் கட்டுகிறது. அந்தக் கணக்கில் முதலில் அடிபடும் பொருள்களில் ஸ்பீக்கரும் ஒன்று. அடிப்படை மாடல்கள் சிலவற்றில் செட்டே இருக்காது. சிலவற்றில் முன்கதவில் இரண்டு ஸ்பீக்கர் மட்டும். இருப்பதும் சின்னக் காந்தம், மெல்லிய காகிதக் கூம்பு, பிளாஸ்டிக் சட்டம் என்று கையில் எடுத்தால் எடையே தெரியாத பொருளாக இருக்கும். தினமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ தேர்வாய் கண்டிகைக்கோ போய்வருபவர் வாரத்தில் பல மணி நேரம் வண்டிக்குள் கழிக்கிறார். செய்தி கேட்பதும் வீட்டாருடன் பேசுவதும் பிடித்த பாட்டைக் கேட்பதும் அங்கேதான். அது தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அவர் விரும்பினால் அதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

தெளிவு என்று எதைச் சொல்கிறோம்? மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பேச்சில் குரலுக்குக் கனத்தைத் தருவது கீழ்ப்பகுதி. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது ச, ட, த போன்ற மெய்யொலிகள். அவற்றின் அடையாளம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அவற்றின் வலிமையோ மிகக் குறைவு. பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தின. இருந்தும் ஊர்விட்டு ஊர் பேசியவர்களுக்குச் சொல் புரிந்தது. அடித்தள பேஸ் முழுவதும் போனாலும் பேச்சு புரியும், மேலே இருக்கும் அந்தச் சின்ன ஒலிகள் போனால் புரியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. பாட்டிலும் அப்படித்தான். வயலினின் வில் உரசலும் மிருதங்கத்து விரலின் சொடுக்கும் பாடகர் மூச்செடுக்கும் ஓசையும் இந்த மேல்பகுதியில்தான் இருக்கின்றன. புது செட் மாட்டிய பிறகும் இவை கேட்கவில்லை என்றால் மாட்டியதில் ஏதோ பிழை இருக்கிறது.

அந்த மெல்லிய ஒலிகளுக்கு முதல் எதிரி சாலை. கொல்கத்தா நெடுஞ்சாலையில், இன்னமும் ஜி.என்.டி. ரோடு என்றே பலர் சொல்லும் அந்தத் தடத்தில், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு சாதாரணக் காருக்குள் இரைச்சல் 65, 70 டெசிபலைத் தொடும். அதில் பெரும்பகுதி டயரும் எஞ்சினும் எழுப்பும் கீழ்ச்சுர இரைச்சல். காதின் அமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. கீழ்ச்சுர ஓசை பலமாக இருந்தால், தன்னைவிட மேலே இருக்கும் மெல்லிய ஒலிகளை அது காதில் விழவிடாமல் மூடிவிடும். மேல் ஓசை கீழ் ஓசையை அந்த அளவுக்கு மூடுவதில்லை. ஒலியியலில் பல பத்தாண்டுகளாக அளந்து உறுதி செய்யப்பட்ட உண்மை இது. ஆகவே டயர் இரைச்சல் சொற்களைத்தான் முதலில் விழுங்குகிறது. பாட்டு மங்கலாகக் கேட்கிறதே என்று ஓட்டுநர் வால்யூமைக் கூட்டுகிறார், பேஸையும் கூட்டுகிறார். கூட்டிய பேஸ் டயர் இரைச்சலோடு சேர்ந்துகொண்டு சொற்களை மேலும் மூடுகிறது. இதுவும் போதவில்லை என்று அடுத்த வாரம் கடைக்குப் போய் ஊஃபர் வாங்குகிறார்.

கடையில் அவர் முன் வைக்கப்படுவது வாட் கணக்கு. அந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். 20 வாட்டை 40 வாட் ஆக்கினால் கிடைக்கும் கூடுதல் ஒலி 3 டெசிபல். சத்தம் சற்றுக் கூடியிருக்கிறது என்று காது கவனிக்கும், அவ்வளவுதான். சத்தம் இருமடங்கானது போலத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 20 வாட் 200 வாட்டாக வேண்டும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வண்டிக்குள் இரைச்சலை 3 டெசிபல் குறைத்தால், பாட்டுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி ஆம்ப்ளிஃபையரின் (ஆம்ப்) திறனை இருமடங்காக்கியதற்கு ஈடாக விரிகிறது. கதவு ரப்பர் பீடிங் விட்டுப்போயிருந்தால் மாற்றுவது, மேடும் பள்ளமுமாகத் தேய்ந்து ஊளையிடும் டயரை மாற்றுவது, காற்றழுத்தத்தைச் சரியாக வைப்பது ஆகிய மூன்றும் ஒலிக்கடையில் கிடைக்காத ஒலி மேம்பாடுகள். ஸ்பீக்கர் வாங்கும்போதும் பெட்டியில் வாட்டுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் சென்சிடிவிட்டி எண்ணை, அதாவது கொடுத்த மின்திறனுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதை, பார்க்க வேண்டும். ஒரே முறையில் அளந்த 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்தால், அதே செட்டுக்கு இருமடங்கு வாட் கொடுத்ததற்குச் சமம். அதற்கு மின்சாரமும் வேண்டாம், புது வயரிங்கும் வேண்டாம்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணின் கதையே வேறு. ‘4×50 வாட்’ என்று முகப்பில் அச்சிட்ட செட்டுகள் சந்தை முழுக்க உண்டு. எஞ்சின் ஓடும்போது கார் பேட்டரியில் கிடைப்பது அதிகபட்சம் 14.4 வோல்ட். அந்த வோல்டேஜைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்கு, எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பிசிறில்லாமல் கொடுக்கக்கூடியது 26 வாட்டுக்குள் முடிந்துவிடும். இழப்பு போகக் கையில் நிற்பது 18, 20 வாட். சந்தேகம் இருந்தால் செட்டின் பின்புறம் பார்க்கலாம். அங்கே 10 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தால், உள்ளே போகக்கூடிய மின்திறன் தொடர்ச்சியாக 144 வாட். அதிலிருந்து 200 வாட் எப்படி வெளியே வரும்? ‘50’ என்பது ஒரு கணப்பொழுது உச்சம், அதுவும் ஒலி சிதைந்த நிலையில். தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் உள்ளே கையேட்டில் எங்கோ ஒளிந்திருக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2003இல் அமெரிக்க மின்னணு நிறுவனங்களின் சங்கம் சி.இ.ஏ.-2006 என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது: 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு 1 சதவீதத்துக்குள் என்ற நிபந்தனையில் அளந்த வாட்டைத்தான் சொல்ல வேண்டும். அது விருப்பமுள்ள நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ளும் முறை மட்டுமே. ஆனாலும் அந்த முத்திரை இருக்கிறதா என்று வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் பெட்டியின் மேல் எழுத்து தானாக மாறும். ‘1000 வாட்’ ஆம்ப் உண்மையிலேயே 1000 வாட் கொடுப்பதானால் அது 100 ஆம்பியருக்கு அருகில் இழுக்க வேண்டியிருக்கும்; சிறிய காரின் ஆல்டர்னேட்டர் முழுத்திறனும் பொதுவாக அந்த அளவை எட்டுவதில்லை. ஹெட்லைட்டுக்கும் ஏசிக்கும் அப்புறம் என்ன மிஞ்சும்?

இனி கதவு. இந்த விஷயத்தின் உயிர்நாடியே கதவுதான் என்பேன். டோர் பேடைக் கழற்றினால் உள்ளே தெரிவது என்ன? வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று. உள்தகட்டில் கையே நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள், கண்ணாடி ஏற்றும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க விட்டவை. அந்த ஓட்டைகளின் மேல் கருப்பு பிசினால் ஒட்டிய ஒரு பாலிதீன் தாள். ஓரத்தில் மூன்று திருகில் நிற்கும் ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்றை இழுக்கிறது. முன்னே போன அலையும் பின்னே போன அலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நீண்ட அலைகளான கீழ்ச்சுரங்கள் அந்த ஓட்டைகள் வழியே சுலபமாக வளைந்துவந்து அழிகின்றன. பேஸ் இல்லை என்று நாம் புலம்புவதில் பாதி இதனால்தான். பேஸ் ஸ்பீக்கரிலிருந்து வரத்தான் செய்கிறது. கதவு அதைத் தின்றுவிடுகிறது. மீதி அதிர்வில் வெளித்தகடு தானும் சேர்ந்து பாடத் தொடங்கும். அதை வெளியே விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் ‘டங்’ என்று நீண்டு ஒலிக்கும். உள்ளே அலுமினியப் படலம் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டை அழுத்தி உருட்டி ஒட்டிய பிறகு தட்டினால் ‘டொப்’ என்று உடனே அடங்கும். அந்த இரண்டு ஓசைக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் பலன். தகட்டின் ஓட்டைகளை அடைத்து, ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் இடையில் உறுதியான வளையம் வைத்து, இடைவெளியில் காற்று கசியாமல் ஃபோம் பட்டை ஒட்டினால், கம்பெனி ஸ்பீக்கரே வேறு ஸ்பீக்கர் போலக் கேட்கும். டேம்பிங் எனப்படும் இந்த ஷீட் ஒட்டும் வேலையால் கார் நூலகம் போல நிசப்தமாகிவிடாது. இரைச்சல் ஓரிரு டெசிபல் குறைந்தால் அதிகம். கதவு ஒரு பெட்டியாக நடந்துகொள்ளத் தொடங்குவதில்தான் அதன் பெரிய லாபம்.

இதிலும் மலிவுப் பாதை ஒன்று உண்டு, அது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. மொட்டைமாடிக் கசிவுக்கு ஒட்டும் தார் ஷீட்டைக் கதவுக்குள் ஒட்டித்தருபவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மே மாதத்தில் சிப்காட் வாசலில் நிழலில்லாமல் எட்டு மணி நேரம் நிற்கும் காரில் அந்தத் தார் இளகி வழியும், உள்ளே வாடை அடிக்கும், கண்ணாடி இறங்கும் பாதையில் ஒட்டிக்கொள்ளும். மழையை நினைத்தும் வேலை செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆறு நிறைந்து ஓடும் நாள்களில் கண்ணாடி வழியே வழியும் தண்ணீர் கதவுக்குள்தான் இறங்குகிறது. அடிப்பக்கம் இருக்கும் சிறு துளைகள் வழியே வடிகிறது. ஷீட் ஒட்டும் அவசரத்தில் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஸ்பீக்கருக்குப் பின்னால் தண்ணீர் தெறிக்காத மறைப்பும் வேண்டும். நல்ல மெக்கானிக் யார் என்று அறிய வேண்டுமா? வடிகால் துளையை எப்படி விடுவீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்த செலவு முன்பக்கத்து ஸ்பீக்கருக்கு. கேட்பவர் முன்னே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பாட்டும் முன்னாலிருந்து வர வேண்டும். பின் கண்ணாடிக்குக் கீழே இரண்டு பெரிய ஓவல் ஸ்பீக்கரை வைத்து, முன்கதவில் கம்பெனி ஸ்பீக்கரை அப்படியே விடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அதனால் பாடகர் பிடரிக்குப் பின்னால் நின்று பாடுவதுபோல ஆகிறது. அந்தத் தொகையில் முன்கதவுக்குக் கீழ், நடுச் சுரங்களுக்கான சிறு ஊஃபரும் மேல்சுரங்களுக்கான ட்வீட்டரும் தனித்தனியாக வரும் காம்பொனென்ட் ஜோடியை வாங்கி, ட்வீட்டரைக் கண்ணாடி முக்கோணத்திலோ டேஷ்போர்டு ஓரத்திலோ காதை நோக்கி வைப்பது எவ்வளவோ மேல். மெய்யொலிகளைச் சுமக்கும் மேல்சுரங்கள் நேர்கோட்டில் போகும் இயல்புள்ளவை. முழங்காலுக்குக் கீழே கதவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து அவை பேண்ட் துணியில் மோதி அங்கேயே நின்றுவிடும். நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம் என்பதும் ஒரு சிக்கல். வலது ஸ்பீக்கரைவிட இடது ஸ்பீக்கர் 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அதன் ஒலி காதுக்கு வர ஏறக்குறைய 1.7 மில்லிசெகண்ட் தாமதமாகும். கண்ணிமைக்கும் நேரத்தை ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இசைக்குழு முழுவதையும் வலது கதவுக்குள் இழுத்துவிட இந்தத் தாமதம் போதும். தமிழ்த் திரையில் ஸ்டீரியோ பதிவுக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் 1978இன் ‘ப்ரியா’ தொடங்கி, இடம் வலம் பிரித்து இழைத்த இசை எல்லாம் இந்த ஒரு காரணத்தால் காரில் பாழாகிறது. இப்போது நடுத்தர விலை செட்டுகளிலேயே வலது ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதப்படுத்தும் வசதி உண்டு. டேப்பை வைத்து அளந்து இரண்டு எண்களைப் போட்டால் போதும். காசு செலவே கிடையாது. மாட்டிக் கொடுக்கும் கடைக்காரர்களில் பலர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பத்து ஆண்டுக்கு முன் பென்டிரைவில் ஏற்றிய, இறுக்கிச் சுருக்கிய எம்.பி.3 கோப்பில் மேல்சுரங்கள் ஏற்கெனவே போய்விட்டன; எந்த ஸ்பீக்கரும் அவற்றைத் திருப்பிக் கொடுக்காது. பண்பலை வானொலி அப்படியல்ல. 1977 ஜூலையில் இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு சென்னையில்தான் தொடங்கியது. அந்த முறையில் 15,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி வருகிறது. எஞ்சினை முறுக்கும்போது கூடவே ஏறும் ‘ஙீ’ என்ற கீச்சொலி கேட்டால், குறை ஸ்பீக்கரில் இல்லை, எர்த் வயர் சரியாகப் பிடிக்கப்படவில்லை. பெரிய திரைக்காக வாங்கும் மலிவு ஆண்ட்ராய்டு செட்டுகளில் இந்தத் தொல்லை அடிக்கடி வருகிறது. திரையின் அங்குலத்தைப் பார்த்து ஒலிக்கருவி வாங்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

இதையெல்லாம் தொழிற்பேட்டைப் பகுதிக்குக் கூடுதல் அழுத்தத்தோடு சொல்வதற்குக் காரணம் காது. கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் பிரஸ் ஷாப்களிலும் வேலை செய்பவர் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது அவர் காது களைத்திருக்கிறது. நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் அதே எட்டு மணி நேரத்துக்கு 85 தான் என்கிறது. இரைச்சலில் நெடுநேரம் இருந்தால் காதின் கூர்மை தற்காலிகமாகக் குறையும். ஓய்வு கிடைத்தால் திரும்பும். ஓய்வில்லாமல் நாள்தோறும் தொடர்ந்தால் திரும்பாது. முதலில் பாதிக்கப்படுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. மெய்யொலிகள் வாழும் இடமும் அதுவே. ஆகவே ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனிலோ சொந்தக் காரிலோ ஏறுபவருக்குப் பாட்டு மங்கலாகக் கேட்பது இயல்பு. அவர் வால்யூமைக் கூட்டுவார். நியோஷ் கணக்குப்படி ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 94க்கு ஒரே மணி. எட்டு மணி நேரத்தில் தன் பங்கை ஆலையிலேயே முடித்துவிட்ட காதுக்கு வீடு திரும்பும் பயணத்தில் மிச்சம் எதுவும் கிடையாது. பொழுதுபோக்குக்காகக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், குறைந்த சத்தத்தில் சொல் விளங்கும்படி ஒரு வேனின் ஒலியமைப்பு இருப்பது உடல்நலம் சார்ந்த விஷயம். தொழிலாளரை ஏற்றிச்செல்லும் வேன்களின் ஒப்பந்தத்தில் ஏசி, சீட் பெல்ட் பற்றி எழுதும் நிர்வாகங்கள் இதையும் ஒரு வரியில் எழுதலாம்.

எதிர்வாதங்களில் மிகவும் உயிருள்ளது பேஸ் பற்றியது. நம் இசையின் நாடியே தாளம்தான். பறையும் பம்பையும் உடுக்கையும் நெஞ்சில் வந்து அடிக்காவிட்டால் அம்மன் பாட்டு எதற்கு, கானா எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி சரி. தாளத்தை நெஞ்சுக்குக் கொண்டுவருவது எது என்பதில்தான் எனக்கு மாறுபாடு. பறையில் சிண்டுக் குச்சி தோலைத் தொடும் கணத்தின் சுரீரென்ற வெட்டும், உடுக்கையின் நாண் இறுகும்போது சுரம் ஏறி இறங்கும் விம்மலும் நடுச்சுரத்திலும் மேல்சுரத்திலும் இருக்கின்றன. அந்த வெட்டு போய்விட்டால் பறை பறையாகக் கேட்காது. ஏதோ ஒன்று எங்கோ இடிபடுவதாகத்தான் கேட்கும். அளவில்லாத பெட்டியில் அடைத்த மலிவு ஊஃபர் ஒரே சுரத்தில்தான் உறுமும். பம்பைக்கும் தவிலுக்கும் பேஸ் கிதாருக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டுகளின் பலம் முழுவதும் அவர் குரலில் இருக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை செய்யும் ஊஃபருக்கு அங்கே அநேகமாக வேலையே இல்லை. கதவையும் முன்ஸ்பீக்கரையும் சரிசெய்தபிறகு, சீட்டுக்கு அடியில் அடங்கும் ஒரு சிறிய ஊஃபரை அளவாகச் சேர்ப்பதற்கு நான் எதிரி அல்ல. அது இருப்பதே தெரியாமல், நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைவதாகத் தெரிய வேண்டும். அந்த அளவு போதும்.

கம்பெனி எஞ்சினியர்கள் அளந்து வைத்ததை ரோட்டோரக் கடைக்காரர் எப்படி மிஞ்சுவார், வாரன்ட்டியும் போய்விடுமே என்பது இரண்டாவது எதிர்வாதம். இதில் பாதி உண்மை. விலை உயர்ந்த மாடல்களில் செட், ஆம்ப், ஸ்பீக்கர் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தி அமைத்திருப்பார்கள். அதில் ஒன்றை மட்டும் மாற்றினால் கெடவும் வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட வண்டிக்கு டேம்பிங் மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. அடிப்படை மாடலில் எஞ்சினியருக்குக் கிடைத்ததே எண்ணிக் கொடுத்த ரூபாய். அவர் திறமையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாம் அந்த ரூபாயைச் சற்றுக் கூட்டுகிறோம், அவ்வளவே. வாரன்ட்டி சிக்கல் பெரும்பாலும் வயரை வெட்டுவதால் வருகிறது. கம்பெனி கப்ளரிலேயே சொருகும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. ஒரு வயரையும் வெட்டத் தேவையில்லை. ஆம்ப் வைப்பதானால் பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃப்யூஸ் வைக்க வேண்டும், தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் குரோமெட் போட வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பளபளக்கும் வயர் இழுத்துக் கொடுக்கும் வேலை தீப்பிடிக்கும் ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

உழைக்கும் மக்கள் வாழும் பகுதியில் இது வீண்செலவு என்போருக்கும் பதில் இருக்கிறது. நான் சொல்லும் வரிசை செலவைக் குறைக்கும் வரிசை. கதவு வேலையும் ஒரு ஜோடி முன்ஸ்பீக்கரும் சேர்ந்தாலும், பெரிய ஊஃபர், அதற்கொரு ஆம்ப், கனத்த வயர், பிறகு தாங்காமல் போகும் பேட்டரி என்று நீளும் செலவைவிடக் குறைவாகவே ஆகும். ஒருவர் கதவு வேலையோடு நிறுத்திக்கொண்டாலும் போட்ட காசு வீணாகாது. ஊஃபரோடு நிறுத்தினால் வீண்தான். வெளியே இருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சனிக்கிழமை இரவே வந்து தங்கும் பக்தர்களின் வண்டிகள் பெரியபாளையத்துத் தெருக்களில் நிற்கும்போது, சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வருவது அந்தக் கீழ் அதிர்வு மட்டுமே. அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் உடம்புக்கு முடியாதவரும் இருக்கிறார்கள். சொல் தெளிவாகக் கேட்கும்படி அமைந்த வண்டியில் வால்யூம் தானாகவே குறைந்துவிடும். பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரனும் ஓட்டுநர் காதில் விழும்.

மாற்றம் எங்கே தொடங்க வேண்டும் என்றால், விற்பனை மேசையில். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து செங்குன்றம், திருவள்ளூர் வரை உள்ள கடைகளில் ஸ்பீக்கர்களைப் பலகையில் வரிசையாக மாட்டி, பொத்தானை அழுத்தி ஒலிக்கவிட்டு விற்கிறார்கள். பலகை காரின் கதவு அல்ல. அங்கே எது அதிகம் கத்துகிறதோ அதுவே நல்லதாகத் தோன்றும். தவறான விளம்பரத்துக்கு எதிராக 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெட்டியின் முகப்பில் ஆர்.எம்.எஸ். வாட்டையும் சென்சிடிவிட்டியையும் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லி நுகர்வோர் அமைப்புகள் கேட்க வேண்டும். அம்பத்தூர் போன்ற ஊர்களின் அரசு ஐ.டி.ஐ.களில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் படிக்கும் மாணவருக்குக் கதவு டேம்பிங், எர்த்திங், தாமத அளவீடு மூன்றையும் சில வாரங்களில் கற்றுத்தர முடியும். ஒவ்வொரு கார் வாங்குபவரும் தேடும் தொழில் அது. வாங்குபவரும் ஒரு நிபந்தனை வைக்கலாம். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டையும் ஒரு செய்தி அறிக்கையையும் போனில் வைத்துக்கொண்டு, மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், கடைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றி, நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் கேட்க வேண்டும். பேச்சுக் குரலைவிடச் சற்றே உயர்ந்த வால்யூமில் செய்தி வாசிப்பவரின் ஒவ்வொரு சொல்லும் விளங்காவிட்டால் வண்டியைத் திரும்பவும் கடைக்கே விட வேண்டும்.